அந்த வொய்ஸ் நோட்டின் மிச்சப் பாதி



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவைக்கு வாசியுங்கள். வாசிக்காமல் கொமண்ட் போடுகிறவர்களுக்கு இந்த முறை பதில் சொல்ல மாட்டேன்.

போன திங்கட்கிழமை என்னுடைய 7ஆம் தர வகுப்பில் 36 பிள்ளைகளிடம் ஒப்புதல் படிவம் கொடுத்து அனுப்பினேன். சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து பாடசாலையில் வழமையாகப் போடுகிற ஊசிக்கான படிவம். வியாழக்கிழமை திரும்பி வந்தவற்றை எண்ணினேன். 25 பேர் சம்மதம், 11 பேர் மறுப்பு. இந்தப் பாடசாலைக்கு நான் வந்து ஐந்து வருடம். ஒரு வகுப்பில் மூன்று மறுப்புக்கு மேல் இதுவரை பார்த்ததில்லை. அந்த மூன்றும்கூட "மகளுக்குக் காய்ச்சல்", "மகனுக்கு இழுப்பு" என்று காரணம் எழுதி வருகிறவை.

இந்த முறை ஒரு வாப்பா படிவத்தின் அடியில் பேனையால் எழுதியிருந்தார்: "பிலிப்பைன்ஸில் டெங்கு ஊசி போட்டு பிள்ளைகள் மௌத்தானது எங்களுக்குத் தெரியும். என் மகனைத் தர மாட்டேன்."

அது டெங்கு ஊசியே இல்லை. ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் போடுகிற ஊசி. படிவத்தின் தலைப்பில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்துப் போட்டார்கள், பின்வாங்குக்காரன் அழுதான், நாங்கள் சிரித்தோம். அந்த ஊசிதான்.

பிறகுதான் வட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிற அந்த வொய்ஸ் நோட்டைக் கேட்டேன். நாலு நிமிடம் சொச்சம். யார் பேசுகிறார் என்று பெயரில்லை, எந்த ஊர் என்றும் இல்லை. நல்ல குரல், நடுவில் ஒரு இடத்தில் தழுதழுக்கவும் செய்கிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: பிலிப்பைன்ஸில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போட்டார்கள், பிள்ளைகள் மௌத்தானார்கள், கொம்பனி உண்மையை மறைத்தது. அடுத்தது நாங்கள்தான், முஸ்லிம்களின் சனத்தொகையைக் குறைக்கிற திட்டம் இது, பாடசாலையில் எந்த ஊசி வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

"இது பொய், நம்பாதீர்கள்" என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போனால் எனக்கும் வேலை குறைவு. ஆனால் முழுதும் பொய் இல்லை. முதல் பாதியில் உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு வேகமாக ஓடுகிறது. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருத்தி என்ற முறையில், அந்த உண்மையை அவரை விட விபரமாகச் சொல்கிறேன். அவர் வெட்டி எறிந்த பாதியையும் சேர்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

முதலில் டெங்கு என்ன சாமான் என்று விளங்க வேண்டும். ஒரே பெயரில் நாலு வைரசு இருக்கிறது. முதலாம் வகை வந்து சுகமானால் முதலாம் வகை திரும்ப வராது, மற்ற மூன்றுக்கும் கதவு திறந்துதான் இருக்கும். சின்னமுத்து வந்தவருக்குத் திரும்ப வராது என்று உம்மம்மா சொல்வது சரி. டெங்குவில் அந்தக் கணக்குப் பிழைக்கிறது. இங்கே இரண்டாவது தரம், வேறு வகையால் வருவதுதான் கூடுதல் ஆபத்து.

ஏன் அப்படி? முதல் காய்ச்சலில் உடம்பு செய்து வைத்த பிறபொருளெதிரிகள் இரண்டாவது வகையையும் பிடிக்கத்தான் பார்க்கின்றன. பிடி சரியாக விழுவதில்லை. வைரசைக் கொல்ல முடியாமல், ஒட்டிக்கொண்ட நிலையில் அதை வெண்குருதிக் கலத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. பாடசாலை வாசலில் நிற்கிற காவலாளி, பழைய மாணவன் என்று நினைத்து ஒரு கள்ளனைக் கையைப் பிடித்து ஒபிசுக்குள் கூட்டிக்கொண்டு வந்து இருத்துவதுபோல. உள்ளே போன வைரசு அங்கேயே பெருகுகிறது.

இது யாரோ ஒருவர் கதிரையில் இருந்து யோசித்த கதை இல்லை. கியூபாவில் 1977ல் முதலாம் வகை டெங்கு பரவியது, பெரிய சேதமில்லை. 1981ல் இரண்டாம் வகை வந்தது. மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல், 158 மரணம், அதில் 101 பேர் பிள்ளைகள். கடுமையாக விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் 1977ல் ஒரு தரம் டெங்கு வந்து போனவர்கள்.

எங்கள் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2009க்குப் பிறகு பல வருடங்கள் இங்கே கூடுதலாகச் சுற்றியது முதலாம் வகை. 2017ல் இரண்டாம் வகை பெருக்கெடுத்தது. அந்த ஒரு வருடத்தில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, 400க்கு மேல் மரணம்.

அந்த 400ல் ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். கலாசாலைப் பயிற்சி முடித்து முதல் நியமனம் மேல் மாகாணத்தில் கிடைத்திருந்த காலம். 6ஆம் தரத்துப் பிள்ளை, முன்வாங்கில் இருக்கிறவன், படம் கீறுவதில் கெட்டிக்காரன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல், வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் சந்தோசம், சோறு கேட்டுச் சாப்பிட்டானாம். சனிக்கிழமை காலை கை கால் குளிர்ந்து போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஞாயிறு அஸருக்குப் பிறகு ஜனாஸா. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் குருதிக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஆபத்து தொடங்குகிற நேரம் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. விஞ்ஞான டீச்சர் நான். அவனுடைய விஞ்ஞானக் கொப்பி திருத்துவதற்காக என் மேசையில் இருந்தது.

இதை அழ வைப்பதற்காக எழுதவில்லை. "டெங்கு என்ன, காய்ச்சல்தானே, பப்பாசி இலைச் சாறு குடித்தால் சரி" என்று கீழே எழுத வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இப்போது தடுப்பூசிக்கு வருவோம். டெங்குவுக்கு ஊசி செய்யும் முயற்சி கொரோனா போல நேற்றுத் தொடங்கியதில்லை. போலியோ சொட்டு மருந்து தந்த அல்பேர்ட் சேபின், இரண்டாம் உலக யுத்தக் காலத்திலேயே டெங்கு வைரசைப் பிரித்தெடுத்து, சுண்டெலி மூளையில் வளர்த்து வலுக்குறைத்துப் பார்த்தவர். அவருக்குப் பிறகு 70 வருடம் போனது ஏன்? மஞ்சள் காய்ச்சலும் நுளம்பால் வருவதுதான், அதற்கு 1930களிலேயே ஊசி வந்துவிட்டது. அதைச் செய்த மக்ஸ் தெய்லருக்கு 1951ல் நோபல் பரிசும் கிடைத்தது. மஞ்சள் காய்ச்சல் வைரசுக்கு முகம் ஒன்று. டெங்குவுக்கு நாலு. நாலையும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு, உடம்புக்குப் பழக்க வேண்டும். ஒன்றுக்குப் பாதுகாப்புக் குறைந்தாலும் மேலே சொன்ன காவலாளிக் கதை நடக்கும். அரைகுறைப் பாதுகாப்பு பாதுகாப்பே இல்லாததை விட மோசமாகிவிடக்கூடிய நோய் இது. ஆய்வாளர்கள் இந்தப் பயத்தோடுதான் அவ்வளவு காலமும் வேலை செய்தார்கள்.

அந்தப் பயம் நடந்தேவிட்டதுதான் பிலிப்பைன்ஸ் கதை.

பிரான்ஸின் சனோபி கொம்பனி ஏறக்குறைய 20 வருடம் உழைத்துச் செய்த ஊசி டெங்வக்சியா. மஞ்சள் காய்ச்சல் ஊசியின் வைரசை எடுத்து, அதன் மேலுறையை மாற்றி டெங்குவின் உறையைப் போர்த்தியது. ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் 30,000க்கு மேற்பட்ட பிள்ளைகளில் பரிசோதித்தார்கள். 2015 கடைசியில் அனுமதி கிடைத்தது. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் மூன்று பிராந்தியங்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. 350 கோடி பேசோ செலவு. மே மாதம் அங்கே ஜனாதிபதித் தேர்தல், இதையும் ஞாபகத்தில் வையுங்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டு முடிந்த பிறகு, 2017 நவம்பர் 29ந் திகதி கொம்பனியே அறிவித்தது: முன்பு ஒரு தரமாவது டெங்கு வந்த பிள்ளைக்கு இந்த ஊசி பாதுகாப்பு, ஒரு தரமும் வராத பிள்ளைக்குப் போட்டால் பிறகு டெங்கு வரும்போது கடுமையாகலாம்.

விளங்குகிறதா? டெங்கு வராத பிள்ளைக்கு ஊசியே முதலாவது டெங்கு மாதிரி வேலை செய்துவிட்டது. நுளம்பு கொண்டுவந்த உண்மையான முதல் டெங்கு, உடம்புக்கு இரண்டாவதாகிவிட்டது.

கணக்கும் வெளியே வந்தது. முன்பு டெங்கு வந்த 1,000 பிள்ளைகளுக்குப் போட்டால், ஐந்து வருடத்தில் 15 பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்புவார்கள். வராத 1,000 பிள்ளைகளுக்குப் போட்டால் 5 பேர் கூடுதலாக ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அதில் 2 பேருக்குக் கடுமையாகும். அந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்பது வயதுக்குள் ஒரு தரம் வந்திருக்கும், ஆகவே மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இலாபம்தான் என்று சிலர் வாதிட்டார்கள். அது கொப்பியில் சரியாக வருகிற கணக்கு. அந்த ஐந்தில் ஒன்று என் பிள்ளை என்றால் எனக்கு அந்தக் கூட்டல் தேவையில்லை. இந்த இடத்தில் நான் கொம்பனியின் பக்கமும் இல்லை, அரசாங்கத்தின் பக்கமும் இல்லை. படிவத்தில் எழுதிய அந்த வாப்பாவின் பக்கம்.

முன்கூட்டித் தெரியாதா? ஓரளவுக்குத் தெரிந்திருந்தது. 2015லேயே வெளியான பரிசோதனை முடிவில், ஊசி போட்ட 2 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மூன்றாம் வருடத்தில் கூடுதலாக ஆஸ்பத்திரிக்குப் போனது இருந்தது. அதனால்தான் 9 வயதுக்கு மேல் என்று அனுமதி கேட்டார்கள். டெங்குவில் இந்த இரண்டாம் தர ஆபத்தைப் பல வருடங்களுக்கு முன் பாங்கொக்கில் கண்டு எழுதிய ஸ்கொட் ஹல்ஸ்டெட், "வயது காரணமில்லை, முன்பு டெங்கு வந்ததா இல்லையா என்பதுதான் காரணம்" என்ற கருத்தில் 2016லேயே எச்சரித்தார். பிலிப்பைன்ஸ் வைத்தியர்களான அந்தோனியோ டான்ஸும் லியோனிலா டான்ஸும், அவசரப்பட வேண்டாம் என்று தங்கள் அரசாங்கத்திடமே சொன்னார்கள். கேட்கவில்லை.

நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் அடுத்தது. ஊசி போட முதல் எல்லாப் பிள்ளைகளிடமும் இரத்தம் எடுத்து வைத்திருந்தால், யாருக்கு முன்பு டெங்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும்தான் எடுத்து வைத்திருந்தார்கள். 30,000 பிள்ளைகள், ஏறக்குறைய 20 வருட உழைப்பு, கோடிக்கணக்கான காசு, கடைசியில் ஒரு இரத்த மாதிரியில் பிழைத்தது. பரிசோதனைக்கு முதல் வாசிப்பை எழுதி வைக்காமல் பிறகு ஓடுகிற என் 10ஆம் தரத்துப் பிள்ளைகளின் ஞாபகம் வருகிறது.

வொய்ஸ் நோட் இந்த இடத்தோடு நிற்கிறது. நான் நிற்கவில்லை.

அறிவிப்பு வந்த உடனே பிலிப்பைன்ஸ் அந்த ஊசியை நிறுத்தியது. வழக்கு, விசாரணை, தொலைக்காட்சியில் அழுகிற தாய்மார். தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்புகிறவர்கள் 2015ல் எடுத்த ஆய்வில் 100க்கு 93 பேர். 2018ல் 32 பேர். டெங்கு ஊசியை மட்டும் மறுக்கவில்லை. சின்னமுத்து ஊசியையும் மறுத்தார்கள், போலியோ சொட்டையும் மறுத்தார்கள். ஊசி போடும் வீதம் அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை, எல்லாப் பழியையும் டெங்வக்சியா மேல் போட முடியாது. ஆனால் 2019 பெப்ரவரியில் சின்னமுத்து அங்கே கொள்ளைநோயாக அறிவிக்கப்பட்டது, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மௌத்தானார்கள். அதே வருடம் செப்டெம்பரில், 2000ஆம் ஆண்டில் ஒழிந்துவிட்டது என்று சான்றிதழ் வாங்கிய போலியோ திரும்ப வந்தது.

சின்னமுத்துக்கு நாலு முகம் இல்லை. அந்த ஊசியில் டெங்குவின் சிக்கல் எதுவும் இல்லை. வேறொரு ஊசியின் பயம் அந்தப் பிள்ளைகளைக் கொண்டு போனது. 7ஆம் தரத்து ஏற்புவலி ஊசிப் படிவத்தில் "டெங்கு" என்று எழுதி மறுக்கிற 11 பெற்றோரைப் பார்க்கும்போது என் வயிறு ஏன் கலங்குகிறது என்று இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன். இலங்கை 2019ல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று பெயர் வாங்கியது. 2023ல் அது எங்களுக்கும் திரும்ப வந்தது.

"முஸ்லிம்களின் சனத்தொகையைக் குறைக்கும் திட்டம்" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழ்கிற நாடு. அந்த மூன்று பிராந்தியங்களில் ஊசி போட்டது பெரும்பாலும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு. வொய்ஸ் நோட் நானாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லியிருந்தால் அது வேறு கணக்கு, அதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

எங்களைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன நடந்தது? சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு முஸ்லிம் கடைக்காரரைப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்துச் சொன்னார், அது மாவுக்கட்டி. 2019ல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு மலட்டு ஒபரேசன் செய்தார் என்று பத்திரிகை முன்பக்கத்தில் போட்டார்கள். அவரைச் சிறையில் வைத்தார்கள். வருடக்கணக்காக அந்த மனிதரும் குடும்பமும் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் நாங்கள் என்ன சொன்னோம்? "ஆதாரம் எங்கே? வைத்திய ரீதியாக இது சாத்தியமா? படித்தவர்கள் ஏன் வாய்மூடி இருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். சரியான கேள்விகள். இப்போது அதே மலட்டுக் கதையை, ஆதாரம் கேட்காமல், எங்கள் குரூப்பில் நாங்களே ஓட விடுகிறோம். அன்றைக்கு அந்தப் பொய்யால் எரிந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்க வேண்டாமா?

அவநம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். 2020ல் எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் எரித்தார்கள். பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். வெள்ளைத் துணி கட்டிய அந்த வேலி என் கண்ணில் இன்னும் நிற்கிறது. விஞ்ஞானம் என்ற பெயரில்தான் அது நடந்தது, நிபுணர் குழு என்ற பெயரில்தான் நடந்தது. 2024ல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது, நல்லது. நாலு வருடம் பிந்திக் கேட்ட மன்னிப்பு. அந்தப் படிவம் எழுதிய வாப்பாவைப் பாடசாலை வாசலில் கண்டு கதைத்தேன். அவர் சொன்னார், "டீச்சர், ஜனாஸாவ எரிக்கக்குள்ளயும் இந்த வெள்ளக் கோட்டு போட்டவங்கதான் டீவியில வந்து கதச்சாங்க." என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

இப்போது சொல்கிறேன் நானா. அன்றைக்கு அவர்கள் பிழை என்று நாங்கள் எப்படி நிரூபித்தோம்? விஞ்ஞானத்தை வைத்துத்தான். நிலத்தடி நீரால் கொரோனா பரவாது என்று சொன்னதும் வைரசு படித்தவர்கள்தான். விஞ்ஞானத்தின் பெயரில் பொய் சொன்னவனை மடக்குவதற்கு அதே விஞ்ஞானம்தான் கையில் இருந்தது. வெள்ளைக் கோட்டை நம்பச் சொல்லவில்லை. கேள்வி கேளுங்கள், பதிலுக்கு இலக்கம் கேளுங்கள். டெங்வக்சியாவின் பிழை வெளியே வந்ததும் கேள்வி கேட்ட வைத்தியர்களால்தான். வொய்ஸ் நோட்டால் வரவில்லை.

பெரிய அதிகாரிகளோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. டெங்வக்சியாவுக்குப் பிறகு இரண்டாவது ஊசி வந்தது. ஜப்பானின் தகேடா கொம்பனியுடையது, பெயர் கியூடெங்கா. பாங்கொக்கில் மகிடோல் பல்கலைக்கழகத்தில் வலுக்குறைத்த இரண்டாம் வகை டெங்கு வைரசையே அடித்தளமாக வைத்துச் செய்தது. எட்டு நாடுகளில் 4 முதல் 16 வயதுவரையான 20,000 பிள்ளைகளில் பரிசோதித்தார்கள். இந்தத் தரம் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஊசிக்கு முதலே இரத்தம் எடுத்து வைத்தார்கள். பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் கொடுத்த விலையில் கற்ற பாடம் அது. அந்த எட்டு நாட்டில் ஒன்று எது தெரியுமா? இலங்கை. எங்கள் பிள்ளைகள் கையை நீட்டியிருக்கிறார்கள்.

முடிவு: முதல் வருடத்தில் 100க்கு 80 அளவு பாதுகாப்பு. நாலரை வருடத்தில் அது 61 ஆகக் குறைந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அளவு டெங்குவிலிருந்து பாதுகாப்பு 84. முன்பு டெங்கு வராத பிள்ளைகளில் முதலாம், இரண்டாம் வகைகளுக்கு வேலை செய்தது. மூன்றாம் வகைக்குப் பாதுகாப்புத் தெரியவில்லை, நாலாம் வகையில் முடிவு சொல்லப் போதுமான நோயாளர்கள் இல்லை. நானும் பாதியை மறைத்தால் எனக்கும் அந்த நானாவுக்கும் வித்தியாசமில்லை என்பதால் இதையும் எழுதுகிறேன். டெங்கு கடுமையாகப் பரவுகிற இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரேசில் 2024ல் அரச செலவில் போடத் தொடங்கியது. முதன்முதல் அனுமதித்த நாடு இந்தோனேசியா, 2022 ஓகஸ்டில். உலகத்திலேயே ஆகக் கூடிய முஸ்லிம்கள் வாழும் நாடு. "ஹலாலா?" என்று கேட்பது நியாயமான கேள்வி, கேளுங்கள். அதை எங்களுக்கு முன்பே கேட்கக்கூடிய உலமாக்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள்.

எங்கள் நாட்டில்? பாடசாலை ஊசி அட்டவணையில் டெங்கு ஊசி இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஏன் என்று சொல்லுங்கள். மூன்றாம் வகை பயமா, காசு இல்லையா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறீர்களா? பிரேசிலின் புட்டன்டான் நிறுவனம் ஒரே தடவை போடும் ஊசியைச் செய்திருக்கிறது. இந்தியாவிலும் 2024ல் 10,000க்கு மேற்பட்டோரில் மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடங்கியது. அதற்காகக் காத்திருக்கிறோம் என்றால் அதுவும் நல்ல பதில்தான். பதிலைச் சிங்களத்திலும் தமிழிலும், ஒரு தாய்க்கு விளங்குகிற மொழியில் சொல்ல வேண்டும். எங்களிடம் வருவது என்ன? மழை தொடங்கியதும் சிவப்பு நோட்டீஸ். சிரட்டையில் தண்ணீர் நின்றால் வழக்கு. சனிக்கிழமை சிரமதானம், அதற்கும் என் பிள்ளைகள்தான் கான் துப்புரவாக்க வேண்டும். நுளம்புக் குடம்பியைத் தேடி வளவுக்குள் வருகிறவர்களுக்கு, அந்த வீட்டு உம்மாவோடு பத்து நிமிடம் இருந்து கதைக்க நேரமில்லை. அந்தப் பத்து நிமிட வெற்றிடத்தில்தான் நாலு நிமிட வொய்ஸ் நோட் வந்து குந்துகிறது.

வளவைத் துப்புரவாக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பீலியைப் பாருங்கள், டயரைப் பாருங்கள், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். எந்த ஊசி வந்தாலும் அந்த வேலை போகாது.

நுளம்பால் வரும் வைரசுக்கு ஊசி என்றாலே மோசடி என்று நினைக்கிறவர்கள், பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்து ஒரு வயதுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி போட்ட திகதி இருக்கும். அதுவும் நுளம்புதான் கொண்டு வருகிறது, அதுவும் டெங்குவின் குடும்பத்து வைரசுதான். 1985, 86ல் அநுராதபுரப் பக்கம் அது பரவியபோது நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். தப்பிய பிள்ளைகளிலும் பலருக்குப் பேச்சும் நடையும் போனது. 1988ல் ஊசி தொடங்கியது. இன்றைக்கு உங்களில் எத்தனை பேர் அந்த நோயில் ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்ததில்லை, என் மாணவர்களில் ஒருவருக்கும் வந்ததில்லை. அந்த 11 பேரும்கூடத் தங்கள் பிள்ளைக்கு அந்த ஊசியைப் போட்டவர்கள்தான், கொப்பியில் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிற ஹாஜியார் மூளைக்காய்ச்சல் ஊசி போடாமல் விசா கிடைக்காது. அதற்கு யாரும் வொய்ஸ் நோட் போட்டு நான் கேட்டதில்லை.

படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் குரூப்பில் இரண்டு டொக்டர், ஒரு மருந்தாளர், என்னோடு சேர்த்து நாலு ஆசிரியர்கள் இருக்கிறோம். வொய்ஸ் நோட் வந்து ஒன்பது நாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் முதல் ஏழு நாள் திறக்கவில்லை, "வீண் பிரச்சினை" என்று ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டு போனேன். படிவம் என் கைக்கு வந்தபோதுதான் விளங்கியது, பிரச்சினை வீணாகத்தான் போகவில்லை என்று.

வாசலில் கண்ட அந்த வாப்பா இறுதியில் கேட்டது, "டீச்சர், உங்கட புள்ளைக்கிப் போட்டிங்களா?" போட்டேன் நானா. மூத்தவனுக்குப் போன வருடம், இதே ஊசி. இரண்டு நாள் கை வீங்கியிருந்தது, பெனடோல் கொடுத்தேன், பாடசாலைக்குப் போகாமல் இருக்க அதையே சாட்டாக்கி மூன்றாம் நாளும் வீட்டில் நின்றான். நாளை டெங்கு ஊசி இந்த நாட்டுக்கு வந்தால் போடுவேனா? உடனே ஆம் என்று சொல்ல மாட்டேன். எந்த ஊசி, எந்த வயதுக்கு, முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு என்ன கணக்கு என்று கேட்பேன். பதில் திருப்தியாக இருந்தால் என் பிள்ளையைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போவேன்.

புதிய படிவங்கள் 11ம் ஒபிசில் வாங்கி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை இடைவேளைக்கு முதல் திருப்பித் தர வேண்டும், புதன்கிழமை ஊசி போட வருகிறார்கள். கேள்வி இருக்கிறவர்கள் நாளைக்கு அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம், உம்மாமாரும் வாப்பாமாரும். கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வொய்ஸ் நோட்டையும் கொண்டு வாருங்கள், அதையும் சேர்ந்து கேட்போம்.